மலையேறிய பாட்டுப் பெட்டி

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டையைக் கடந்து இலுக்கும்புரவை நோக்கிப் போகும் பாதையில் சுமார் 30 கிலோமீற்றர் ஏறினால் ரிவர்ஸ்டன் வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்த இடம் அது. காற்று அடித்து அடித்து அங்குள்ள மரங்கள் நிமிரவே இல்லை. பல இடங்களில் காடே ஆளுயரத்தோடு நின்றுவிட்டது. உச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் உண்டு. மழைக்காலத்தில் நாளின் பாதி நேரம் அதுவும் மூடுபனிக்குள் போய்விடும்.

இன்று விடுமுறை நாட்களில் அங்கே வரும் இளைஞர்கள் கைக்கடக்கமான ஒலிபெருக்கிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். கைபேசியிலிருந்து பாட்டு கம்பியில்லாமல் தாவி அதிலே ஒலிக்கிறது. சென்ற முறை நான் போயிருந்தபோது ஒரு கூட்டத்தாரின் ஒலிபெருக்கி கோபுரத்தடியை எட்டுமுன்பே ஓய்ந்துபோயிற்று. சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். மிச்ச வழியெல்லாம் காற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடந்தார்கள். அதில் அவர்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

அன்று மாலை பிட்டவல பத்தனைப் புல்வெளியைத் தாண்டி இறங்கும் வழியில் ஒரு சிறு கடையில் தேநீர் குடித்தேன். கடைக்காரர் சிங்களவர், எழுபதைத் தாண்டியவர். மிட்டாய்ப் போத்தல்களுக்குப் பின்னால் ஒரு டிரான்சிஸ்டர் வானொலி செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்மூடி இல்லை. சைக்கிள் டியூப்பில் வெட்டிய வளையம் ஒன்று பற்றரிகளை இறுக்கிப் பிடித்திருந்தது. ஏரியல் இருந்த இடத்திலிருந்து ஒரு செப்புக் கம்பி கூரை மரத்துக்கு ஏறியிருந்தது. எத்தனை வருடப் பெட்டி என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது, இப்போது மூத்த மகளின் பிள்ளைக்கே கல்யாணம் பேசுகிறார்கள் என்றார்.

நம்முடைய தமிழில் ஒரு பொருள் நீண்ட காலம் பயன்பட்டால் அது 'உழைக்கிறது' என்கிறோம். செருப்பு உழைக்கும், சேலை உழைக்கும். மனிதன் செய்கிற வேலைக்கும் பொருள் தாங்குகிற காலத்துக்கும் ஒரே சொல். ரிவர்ஸ்டன் அடிவாரத்துத் தோட்டங்களில் பிறந்த எனக்கு, அந்தக் கடைக்காரரின் பெட்டியைப் பார்த்த கணத்தில் இந்தச் சொல்தான் மனத்தில் நின்றது. இந்த மலைகளில் பாட்டுப் பெட்டிகள் எப்படி உழைத்தன, எதனால் உழைத்தன, எங்கே தோற்றன என்பதே இன்றைய உரையின் பொருள்.

இசையைக் கையில் தூக்கிக்கொண்டு போகும் ஆசை டிரான்சிஸ்டருக்கு முந்தியது. 1914இல் இங்கிலாந்தில் டெக்கா என்ற பெயரில் ஒரு கிராமபோன் வந்தது. மூடினால் பெட்டி, திறந்தால் பாட்டு. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளுக்குள் சிப்பாய்கள் அதைக் கொண்டுபோனார்கள். 1931இல் எச்.எம்.வி. நிறுவனத்தின் 102 என்ற இலக்கமிட்ட கைப்பெட்டிக் கிராமபோன் வெளிவந்து, பல ஆண்டுகள் உலகெங்கும் விற்பனையானது. மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே உருக்குச் சுருள் இறுகும். சுருள் தளரத் தளரத் தட்டு சுழலும். அவ்வளவுதான் அதன் இரகசியம். அந்தப் பெட்டிகள் இன்றும் சில வீடுகளில் பாடுகின்றன.

ஆனால் பாட்டு இருந்த தட்டோ அரக்கினால் ஆனது. கைதவறினால் நொறுங்கும். ஊசியோ ஒரு பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றப்பட வேண்டியது; மாற்றாமல் சிக்கனம் பிடித்தால் ஊசி தட்டின் பள்ளத்தையே அரித்துவிடும். 1926இல் கொழும்பில் நாடகம் நடிக்க வந்த இடத்தில் ஒருவரையொருவர் சந்தித்தவர்கள் கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும். அவர்களுடைய இசைத்தட்டுகள் கடல்கடந்து இங்கே வந்தன. எத்தனை தட்டுகள் மலைப்பாதைகளின் குலுக்கலில் உடைந்தனவோ! பெட்டி உழைத்தது, பாட்டு உடைந்தது. இந்த முரண் பின்னால் வந்த கருவிகளையும் விடாமல் தொடர்ந்து வந்தது.

அந்தக் கிராமபோனும் துரையின் பங்களாவோடும் நகரத்துப் பணக்கார வீடுகளோடும் நின்றுகொண்டது. லயத்துக்கு வந்ததாகச் சொல்ல முடியாது. லயத்திலே தப்பு இருந்தது, உடுக்கு இருந்தது, மாசி மாதத்துக் காமன் கூத்து இருந்தது. பழுதானால் தோலை மாற்றிக் கட்டுவதற்கு ஆளும் இருந்தான்.

வானொலி வந்ததும் இப்படியே. கொழும்பில் 1925 டிசம்பரில் ஒலிபரப்பு முறைப்படி தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக இங்கே நிறுவப்பட்ட நிலையம் பிறகு அரசின் கைக்கு வந்து, 1949இல் ரேடியோ சிலோன் ஆனது. 1950களில் அதன் வர்த்தக ஒலிபரப்பு இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் கட்டிப் போட்டதை நேயர்கள் அறிவீர்கள். ஆனால் அந்நாளைய வானொலிப் பெட்டி வால்வுகளால் ஆனது. கண்ணாடிக் குமிழுக்குள் இழை சூடேறி ஒளிர வேண்டும். அதற்கு வீட்டு மின்சாரம் வேண்டும், அல்லது கார் பற்றரி போன்ற பெரும் பற்றரி வேண்டும். தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வந்ததோ மிகப் பிந்தி, பல இடங்களில் 1990களுக்குப் பிறகு. ஆகவே பாட்டுக் கேட்க விரும்பிய தொழிலாளி, சம்பள நாளில் கடைவீதிக்கு இறங்கி, தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்டான்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிராட்டெய்ன், ஷொக்லி ஆகியோர் கண்ட டிரான்சிஸ்டர் இந்த நிலையை மாற்றிற்று. 1954 ஒக்டோபரில் ரீஜென்சி என்ற சட்டைப்பை வானொலி அங்கே விற்பனைக்கு அறிமுகமானது. அதற்கு நான்கு டிரான்சிஸ்டர்கள். அடுத்த ஆண்டே ஜப்பானியர் தமது முதற் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் சோனி என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. 1957இல் அவர்களது சிறு வானொலி உலகச் சந்தையில் பரவியது. அதன்பின் விலை இறங்கத் தொடங்கியது. விலை இறங்க இறங்கப் பெட்டி மலை ஏறியது. 'அந்தக் காலம் மலையேறிவிட்டது' என்று கீழ்நாட்டில் சொல்வார்கள். எங்களுக்கோ எல்லாமே மலையேறித்தான் வந்தன: அரிசி, கடிதம், வானொலி.

டிரான்சிஸ்டர் வானொலி ஏன் இவ்வளவு உழைத்தது? அதனுள் எரிந்துபோக இழை இல்லை, உடையக் குமிழ் இல்லை. அசையும் உறுப்புகள் என்றால் ஒலிகூட்டும் திருகும் நிலையம் தேடும் திருகும்தான். ஆகவே நோய் வரக்கூடிய இடங்களும் சிலவே. ஒலித்திருகியின் உள்ளே கரித்தடம் ஒன்று உண்டு. அது தேய்ந்தால் கரகரவென்று சத்தம் வரும். நிலையம் தேடும் முள்ளை இழுப்பது ஒரு மெல்லிய நூல். அது அறுந்தால் முள் நிற்கும், நிலையம் மட்டும் மாறும். எங்கள் லயத்துப் பெட்டியில் அப்படி நின்ற முள் பல வருடம் நின்ற இடத்திலேயே நின்றது. அப்பா காதாலேயே கொழும்பைக் கண்டுபிடிப்பார். ஏரியல் முறிந்தால் கம்பி. தோலுறை கிழிந்தால் சாக்கு ஊசி. மத்திய அலை சரியாக எடுக்காவிட்டால் பெட்டியையே திருப்பி வைப்பது; உள்ளே இருக்கும் கரிய ஃபெரைட் கோல் திசை பார்க்கும் என்பது விஞ்ஞானம் படிக்காத எங்கள் பெரியவர்களுக்கும் அனுபவத்தால் தெரிந்திருந்தது.

உண்மையான எதிரி பற்றரிதான். விலையால் மட்டுமல்ல. அந்நாளைய துத்தநாகப் பற்றரியில் துத்தநாகமே கூடு. மின்சாரம் தரத் தர அந்தக் கூடே கரையும். தீர்ந்த பற்றரியைப் பெட்டிக்குள் மறந்துவிட்டால் ஓட்டை விழுந்து கசிந்து, உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளையும் சுருள்களையும் பச்சை பிடிக்க வைத்துவிடும். கீழே விழுந்து செத்த பெட்டிகளைவிட இப்படிச் செத்த பெட்டிகளே அதிகம் என்பேன். மலையின் ஈரம் இதற்குத் துணைபோயிற்று. அதனால் எங்கள் வீடுகளில் ஒரு ஒழுங்கு இருந்தது: இரவுச் செய்தி முடிந்ததும் பற்றரிகளைக் கழற்றி, அடுப்பு மேட்டில் வரிசையாக வைப்பார்கள். காலையில் சற்று உயிர் வந்திருக்கும். வெயில் நாளில் கூரைத் தகரத்தில் காயும். முன்னைய தலைமுறை இப்படி நாட்கணக்கில் உயிரை நீட்டியது.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியது பாட்டுக்காக மட்டும்தானா? பாட்டும் உண்டு, எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைக் கேட்காத வீடு இருந்திருக்குமா? ஆனால் மலையகத்துக்கு வானொலி அதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்று இரண்டு நாடுகள் தீர்மானித்தன. யார் போவது, யார் இருப்பது என்று ஒவ்வொரு காம்பிராவிலும் கணக்குப் பார்த்தார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அந்த நாட்களில் ஒரு செய்தியைத் தவறவிடுவது விளையாட்டல்ல. மரண அறிவித்தல்கள் வேறு. மறு மலையில் இருக்கும் உறவினர் இறந்தால் தந்தி வந்துசேருமுன் வானொலி சொல்லிவிடும். மரண அறிவித்தல் நேரத்தில் எங்கள் லயத்தில் பாத்திரம் கழுவும் சத்தம்கூட நிற்கும். தாயகம் திரும்பியவர்கள் என்ற முத்திரையோடு நீலகிரியில் போய்க் குடியேறியவர்களும் அங்கிருந்தபடி இலங்கை வானொலியைத் திருகித் திருகித் தேடினார்கள்.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் இறக்குமதிக் கட்டுப்பாட்டு ஆண்டுகள். புதுப் பெட்டி வாங்குவது எளிதாக இருக்கவில்லை. இருக்கிற பெட்டி உழைத்தே ஆகவேண்டும். வானொலி திருத்துகிறவனுக்கு அப்போது இருந்த மதிப்பை இன்றைய பிள்ளைகளால் நம்ப முடியாது. மாத்தளைக் கடைவீதியில் அப்படி ஒருவர் இருந்தார். கையிலே சூடேறிய ஈயப்பற்றுக் கோல், மேசையிலே வயிறு திறந்த பெட்டிகள். செத்த ஒரு பெட்டியின் உறுப்பை எடுத்து மற்றொரு பெட்டிக்கு உயிர் கொடுப்பார். எங்கள் பெட்டிக்குள் எத்தனை பெட்டிகளின் உயிர் இருந்தது என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

1983 ஜூலையில் மாத்தளையில் தமிழ்க் கடைகள் எரிந்தன. அவருடைய கடையும் எரிந்தது. திருத்தக் கொடுத்திருந்த எங்கள் டிரான்சிஸ்டரும் அதோடு போயிற்று. கருவிகளோடு வரும் உத்தரவாதப் பத்திரத்தில் விழுதல், நனைதல், மின்னல் என்று பல இடர்கள் குறிக்கப்பட்டிருக்கும். இந்த இடரை எவரும் எழுதுவதில்லை. ஊரடங்குச் சட்டம் எப்போது தளர்கிறது என்பதை அடுத்த லயத்து வானொலியில்தான் கேட்டோம்.

இனி ஒலிநாடாவுக்கு வருகிறேன். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பேர்லின் கண்காட்சியில் கசெட்டை அறிமுகம் செய்தது. லூ ஒட்டன்ஸ் என்ற ஒல்லாந்தப் பொறியியலாளரின் தலைமையில் உருவானது அது. 2021இல்தான் அவர் காலமானார். நாடாவின் அகலம் நான்கு மில்லிமீற்றருக்கும் குறைவு. 60 நிமிட நாடாவின் தடிப்போ ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. 90 நிமிடம், 120 நிமிடம் என்று ஆசைப்பட்டால் இன்னும் மெல்லிதாகும். இவ்வளவு மெல்லிய பொருளை நம்பி உலகம் முப்பது ஆண்டு பாடியது என்பதே ஆச்சரியம்.

1979 ஜூலையில் சோனியின் வாக்மன் ஜப்பானில் வந்தது. முதல் வாக்மனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் இருந்தன; பதிவு செய்ய முடியாது, ஒலிபெருக்கி கிடையாது. இரண்டு பென் டோர்ச் பற்றரியில் ஓடும். நகரத்து இளைஞரின் காதுக்கு அது ஏற்றது. ஆனால் லயத்துக்கு அது சரிப்படவில்லை. ஒரு வீட்டில் எட்டுப் பேர் இருக்கும்போது ஒரு காதுக்கு மட்டும் பாடும் பெட்டி எதற்கு? எங்களுக்கு வந்தது வேறு: வானொலியும் கசெட்டும் ஒன்றாகச் சேர்ந்த, கைப்பிடி வைத்த பெரிய பெட்டி. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு கடைகளிலும், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களின் பயணப் பெட்டிகளிலுமாக அவை மலைக்கு ஏறின.

உழைப்பு என்று பார்த்தால் கசெட் பெட்டி டிரான்சிஸ்டரின் கால்தூசிக்கும் வராது. மோட்டார் உண்டு, ரப்பர்ப் பட்டி உண்டு, நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை உண்டு. ரப்பர் என்றால் முதுமை நிச்சயம். பட்டி தொய்ந்தால் பாட்டு குழையும். எங்கள் பெட்டியில் ஒருமுறை சைக்கிள் டியூப்பில் வெட்டிய வளையத்தைப் போட்டுப் பார்த்தோம். டி. எம். சௌந்தரராஜனின் கம்பீரக் குரல் சில வினாடிக்கொருமுறை மயங்கி விழுந்து எழுந்தது. உருளையில் பிசுக்குப் பிடித்தால் அது நாடாவைத் தின்னும். தின்ற நாடாவைப் பக்குவமாக வெளியே இழுத்து, பென்சிலைத் துளையில் செருகிச் சுற்றுவது சிறுவர்களின் வேலை. அறுந்தால் நகப்பூச்சான கியூட்டெக்ஸைத் தொட்டு ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தில் ஒரு சொல் காணாமற் போகும். பற்றரியையும் அது அநியாயத்துக்குக் குடித்தது. வானொலியில் வாரக்கணக்கில் நின்ற பற்றரி கசெட் ஓட்டினால் சில நாளில் தீரும். மோட்டாரைச் சுழற்றும் செலவு அது.

இத்தனை குறையிருந்தும் கசெட் பெட்டியைக் கைவிடாததற்கு ஒரே காரணம், அது நம்முடைய குரலையும் வாங்கிக்கொண்டது. கிராமபோனும் வானொலியும் வாக்மனும் நாம் கேட்க மட்டும் பாடின. இதிலே சிவப்புக் கட்டையையும் அதன் பக்கத்துக் கட்டையையும் ஒன்றாக அழுத்தினால், லயத்துக் கிழவியும் பாடகிதான். மலையக மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் தொகுத்தார். அந்தச் சொற்கள் தாளிலே இருக்கின்றன. அவற்றைப் பாடிய குரல்கள்? ஒவ்வொரு லயத்திலும் ஒரு பதிவுக் கருவி இருந்த ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளில் எத்தனை பேர் தம் பாட்டியின் பாட்டைப் பதிந்து வைத்தோம்?

என் சின்னம்மா 1984இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பிய ஒருவரிடம் ஒரு கசெட் பெட்டியும் ஒரு கசெட்டும் கொடுத்தனுப்பினார். சின்னம்மாவுக்கு எழுத வராது. அம்மாயிக்கு வாசிக்க வராது. கடிதத்தை மூன்றாமவர் எழுத, நான்காமவர் வாசிக்க, நடுவில் சொல்லவேண்டியது எது, சொல்லக்கூடாதது எது என்று இருவருமே மனத்தை மூடிக்கொள்ளவேண்டியிருந்தது. கசெட் அந்த மூடியைத் திறந்தது. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய பல ஊர்களிலும், கேரளத்திலும் நம் நாட்டிலும், இப்படிக் குரல் கடிதங்கள் போய்வந்தன. எங்கள் அம்மாயி கசெட்டுக்கு முன்னால் உட்கார்ந்து உரத்துப் பேசுவார். குவைத் தூரமல்லவா? நான்தான் கட்டை அழுத்துபவன்.

ஆனால் கசெட் விலைப்பட்ட பொருள். ஆகவே வந்த கசெட்டிலேயே பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். மகளின் குரலை அழித்துத்தான் தாய் பேசினார். தாயின் குரலை அழித்துத்தான் மகள் பதில் சொன்னார். ஐந்து வருடத்துக் கடிதங்கள் இப்படி ஒன்றையொன்று தின்றன. அப்போது அது எங்களுக்குக் குற்றமாகத் தெரியவில்லை. பேச்சு என்றால் பேசியதும் போய்விடுவதுதானே என்று இருந்தோம்.

1990ஆம் ஆண்டு வந்தது. அந்த ஜூனில் மீண்டும் போர் மூண்டதோடு யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. அங்கே போகத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. எங்களுக்குப் பற்றரி விலைதான் கவலை. அவர்களுக்குப் பற்றரியே இல்லை. யாழ்ப்பாணத்தார் சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, பின்சில்லைச் சுழற்றி, விளக்குக்குரிய டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலியை ஓட்டினார்கள். 6 வோல்ட், 3 வாட் தரும் அந்தக் குட்டி டைனமோவில்தான் பி.பி.சி. தமிழோசையும் மணிலாவின் வெரித்தாஸும் பாட்டும் கேட்டன. கசெட் போட்டால் இன்னொரு வேடிக்கை: மிதிக்கிறவன் களைத்தால் பாடகரும் களைப்பார். அங்கே வாழ்ந்த நண்பர்கள் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். எந்தத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்திலும் அந்தப் பெட்டிகள் பட்ட பாட்டைப் பட்டிருக்காது.

அதே ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. பல்லாயிரம் இலங்கையர் அங்கே அகப்பட்டார்கள். சின்னம்மா ஜோர்தான் பாலைவன முகாமில் கிடந்து, ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தார். சம்பளப் பாக்கி, நகை, அவர் கேட்டுக்கொண்டிருந்த கசெட் பெட்டி எல்லாம் அங்கேயே போயின. கைப்பையில் கடவுச்சீட்டும் ஒரு கசெட்டும் மட்டும் இருந்தன. அம்மாயி கடைசியாக அனுப்பியது. பதில் பதிய நேரம் வாய்க்காததால் அழியாமல் தப்பியது.

அதன் பிறகு வந்த கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. 2001 ஒக்டோபரில் ஐபொட் வந்தது. ஆயிரம் பாட்டைச் சட்டைப்பையில் வைத்தது. 2022இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன் பற்றரி உள்ளே வைத்து மூடப்பட்டிருந்தது. சுமார் 400 முறை முழுதாக மின்னேற்றிய பிறகு அதன் கொள்ளளவு குறையும் என்பது தயாரித்தவர்களே சொன்ன கணக்கு. 2003இல் நியூயோர்க்கில் இரண்டு சகோதரர்கள் இதை எதிர்த்து ஒரு குறும்படமே எடுத்துப் பரப்பினார்கள். இன்றைய கைபேசியில் அசையும் உறுப்பு அனேகமாக இல்லை; நாடா இல்லை, ரப்பர் இல்லை, பூஞ்சணம் பிடிக்க ஒன்றுமில்லை. கணக்குப்படி அதுதான் எல்லாவற்றிலும் அதிகம் உழைக்கவேண்டும். ஆனால் அதன் மூடியைத் திறக்க லயத்துப் பையனிடம் திருப்புளி இல்லை. ரிவர்ஸ்டன் பாதையில் ஓய்ந்துபோன அந்த ஒலிபெருக்கிக்கும் இதே கதைதான். கடைக்காரரின் டிரான்சிஸ்டர் அரை நூற்றாண்டு உழைத்தது. ஆனால் அவர் அதில் மாற்றாத உறுப்பு எது என்று கேட்டபோது, சற்று யோசித்துவிட்டு, அலைவரிசை எழுதிய கண்ணாடி என்றார்.

சென்ற ஆண்டு அந்தக் கடைசிக் கசெட்டை எடுத்துக்கொண்டு சின்னம்மாவும் நானும் மாத்தளைக்குப் போனோம். அம்மாயியின் பெட்டியையும் தூக்கிக்கொண்டோம். அம்மாயி போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. பெட்டி பரணில் இருந்தது. பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறு அறையில் ஒரு நடுத்தர வயதுக்காரர் இன்னும் கசெட் பெட்டி திருத்துகிறார். பட்டியை மாற்றினார். தலைப்பகுதியைச் சுத்தப்படுத்தினார். நாடாவின் ஓரமெல்லாம் வெண்ணிறப் பூஞ்சணம். கசெட்டின் திருகாணிகளைக் கழற்றி, நாடாவைப் பஞ்சினால் மெல்லத் துடைத்துத் துடைத்து வேறொரு கூட்டுக்குள் ஏற்றினார். மத்தியானம் வரை ஆயிற்று. புதுப் பற்றரிகளைப் போட்டுக் கட்டையை அழுத்தினார்.

அம்மாயி பேசினார். மழை விடவில்லை என்றார். ஆடு குட்டி போட்டதைச் சொன்னார், இரண்டும் கிடாய் என்று குறைப்பட்டார். கட்டை அழுத்துகிற என்னை நடுவில் ஒருமுறை அதட்டினார். பிறகு, சின்னம்மா முந்திய கசெட்டில் கேட்டிருந்தபடி, தாலாட்டு ஒன்றைத் தொடங்கினார்.

பதியும்போது அன்று பற்றரி தீர்ந்துகொண்டே போயிருக்கவேண்டும். நாடா அப்போது மெதுவாக ஓடியது. இன்று புதுப் பற்றரியில் சரியான வேகத்தில் ஓடுகிறது. ஆகவே அம்மாயியின் குரல் வரிக்கு வரி மெலிந்து உயர்ந்தது. எழுபது வயதுக் குரல் நாற்பதாயிற்று, இருபதாயிற்று. தாலாட்டின் முடிவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள்.

திருத்துபவர் மோட்டாரின் முதுகில் இருந்த சிறு துளையைக் காட்டினார். அதனுள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி உண்டு. சற்றுத் திருப்பினால் குரல் பழையபடி வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்தார்.

சின்னம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும் தம்பி" என்றார்.